வலப்பக்கத்தை விட்டு வராத வண்டி

சென்னை விமான நிலையத்திலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் எங்கள் வண்டியை இடப்பக்கமாக முந்திச் சென்றவை முப்பத்தெட்டு. கார் இருபது, லாரி பதினொன்று, பேருந்து ஆறு, கோழிக்கூண்டு ஏற்றிய வேன் ஒன்று. கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டே போயின. கோழிக்குக்கூட இளக்காரம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது வலப்பக்கப் பாதை. முந்துவதற்கென்றே விட்டிருக்கும் பாதை. வேகமோ, மாட்டுவண்டி ஓட்டியவர்கள்கூட வெட்கப்படும் வேகம். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அடித்தார்கள், விளக்கைச் சிமிட்டினார்கள், கடைசியில் இடப்பக்கம் ஒடித்து எங்களைத் தாண்டி, தாண்டும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஓட்டுநர் தனசேகர் எதற்கும் அசரவில்லை. நடுத்தடுப்பில் பூத்திருந்த அரளிச் செடிகளை ஒட்டியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் வாகன ஓட்டுநர் தேர்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வண்டியில் ஏறினாலும் மனம் தானாக மதிப்பெண் போட ஆரம்பித்துவிடும். தனசேகருக்கு நூறில் தொடங்கினேன். சுங்குவார்சத்திரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது பதினேழு மீதி இருந்தது. தேநீர் நன்றாக இருந்ததால் மூன்று சேர்த்தேன்.

நான் வந்த காரியம் இது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அம்மனுக்குச் சாத்த, காஞ்சிபுரத்தில் பதினெட்டு முழப் பட்டு நெய்யச் சொல்லியிருந்தோம். அதை யார் போய் வாங்கி வருவது என்று கோயில் குழுவில் பேச்சு வந்தது. எதையும் எண்ணாமல் வாங்கமாட்டார், அளக்காமல் எடுக்கமாட்டார் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். பாராட்டா, ஆளைக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பும் வழியா என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அனுப்பி வைத்ததில் என் மகள் கவிதாவுக்கும் பங்கு உண்டு. இரண்டு மாதம் முன்பு நெடுஞ்சாலையில் நான் போவதைப் பின்னால் வந்த யாரோ ஒரு இளைஞன் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டான். வலப்பக்கப் பாதையில் என் வெள்ளை வண்டி. அதன் பின்னால் திருவிழா ஊர்வலம்போல நீண்ட வரிசை. அந்தப் படம் சுற்றிச் சுற்றி எங்கள் கோயில் குழுவின் வாட்சப்புக்கே வந்து சேர்ந்தது. தலைவர் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். கவிதா என் வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இந்தியாவுக்குப் போய்ட்டு வாங்கப்பா. வந்ததும் வண்டிய வித்துடலாமா வேணாமான்னு பேசலாம்" என்றாள். பேசலாம் என்று அவள் சொன்னால் முடிவு செய்துவிட்டாள் என்று பொருள். அவள் அம்மாவும் இப்படித்தான்.

வண்டி போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? காலையில் சந்தை, மாலையில் கோயில், செவ்வாய்க்கிழமை நண்பர்களோடு மீன்தலைக் கறி. எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்டு, யாருக்காவது காத்திருந்து, யாருடைய வண்டியிலாவது பின்னால் உட்கார்ந்து போக வேண்டும்.

உண்மைக் காரணம் ஒன்று இருந்தது. அதை நான் கவிதாவிடம் சொல்லவில்லை. எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். வலப்பக்கம் கழுத்து நன்றாகத் திரும்பும். இடப்பக்கம் பாதிகூட வராது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் பாதை மாறினார்கள் என்று எத்தனையோ பேரைத் தோல்வியடையச் செய்தவன் நான். அந்தப் பாவத்தை நானே செய்வேனா? ஆகவே பாதையே மாறுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சாலை காலியாக இருக்கும்போது வலப்பக்கம் ஏறிவிட்டால், இறங்கும் இடம் வரும்வரை நிம்மதி. இதைச் சொன்னால் மகள் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவாள். சொல்லாவிட்டால் திரும்பி வந்ததும் விற்பாள். இந்தக் கணக்கில்தான் நான் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆனால் தனசேகருக்குக் கழுத்து நன்றாகவே இருந்தது. தேநீர்க் கடையில் இருபுறமும் திரும்பி மூன்று பேரோடு ஒரே நேரத்தில் பேசினார். பிறகு எதற்கு இந்த வலப்பக்கம்? மறுபடி ஏறியதும் கேட்டுவிட்டேன். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவர் பின்மண்டையைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"ரைட்டுதான் சார் சேஃப்டி. லெஃப்ட்ல போனா எதிர்ல பால்காரன் வருவான்."

நெடுஞ்சாலையில் எதிரே எப்படி ஒருவர் வர முடியும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் முடிவதற்குள், இடப்பக்கப் பாதையில், எங்களுக்கு எதிராக, இருபுறமும் பால்கேன் தொங்க ஒருவர் மோட்டார் சைக்கிளில் நிதானமாக வந்துகொண்டிருந்தார். விளக்குக்கூடப் போட்டிருந்தார்.

மறுநாள் காலை விடுதிக்கு அருகே ஒரு கடையில் கோயில் இட்லி சாப்பிட்டேன். குழாய்போல் நீளமாக அவித்து, வில்லை வில்லையாக நறுக்கித் தருகிறார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கின்றன. ஒரு வில்லையில் பதினான்கு மிளகு இருந்தது, அடுத்ததில் ஒன்பது. பரிமாறியவர் வந்து நின்றார்.

"மிளக எடுத்து ஓரமா வெக்கிறீங்களே, காரமா இருக்குதா?"

காரம் இல்லை, எண்ணுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய், அடுப்படியில் இருந்தவரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

பிறகு தனசேகர் வந்து பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்துப் போனார். பட்டு நெய்பவர் பெயர் ஏகாம்பரம். அவர் தெருமுனையில் வண்டி நின்றது. தெருவின் ஒரு பாதி நீளத்துக்கும் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு இழைகளைக் கஞ்சி தோய்த்து விரித்து நேர்செய்யும் வேலை. வெயிலில் மஞ்சள் இழைகள் ஓடைத் தண்ணீர்போல மினுங்கின. நான்கைந்து பேர் குச்சியோடும் தூரிகையோடும் இழைகளைத் தடவிக்கொண்டே நடந்தார்கள்.

என் கண்ணில் பட்டது பாவு அல்ல, போக்குவரத்து. தெருவில் மிச்சமிருந்தது ஒரு வண்டி போகும் அகலம். எங்களுக்கு எதிரே ஒரு ஆட்டோ, பின்னால் ஒரு காய்கறி வண்டி, நடுவில் சைக்கிள்கள். ஒருவரும் ஒலிப்பானைத் தொடவில்லை. ஆட்டோக்காரர் தானாகவே ஒரு வீட்டு வாசலோரம் ஒதுங்கி, வா என்று தலையை ஆட்டினார். ஒரு பெண் சைக்கிளை விட்டு இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பாவின் பக்கமே போகாமல் சுவரோடு சுவராக நடந்தாள். கோடு இல்லை, பலகை இல்லை, காவலர் இல்லை. நூற்றுக்கு நூறு போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் நூறு அதுதான்.

இதே ஊர்க்காரர்கள்தானே ஐந்தாறு மைல் தள்ளி நெடுஞ்சாலையில் அப்படி ஓட்டுகிறார்கள் என்று தனசேகரிடம் கேட்டேன். "இங்க பட்டு இருக்குது சார். அங்க வெறும் ரோடுதான" என்றார்.

நாங்கள் இறங்கி நடந்தோம். வண்டியைப் பார்த்தேன், இடப்பக்கக் கண்ணாடியை உடலோடு ஒட்டி மடக்கியிருந்தார், அடைகாக்கும் கோழியின் இறக்கைபோல. இந்தத் தெருவுக்கு அது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏகாம்பரத்துக்கு என் வயதில் பத்து குறையும். பட்டை வெட்டி எடுக்க இன்னும் இரண்டு முழம் நெய்ய வேண்டியிருக்கிறது, நாளை மறுநாள் வாருங்கள் என்றார். எனக்குக் காபி வந்தது. தனசேகருக்கு வரவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"டிரைவரை அந்தப் பக்கமா நிக்கச் சொல்லுங்க சார். வெளிச்சம் மறைக்குது" என்றார் ஏகாம்பரம்.

"மச்சான், நான் இங்கதான் இருக்கேன். என்கிட்டயே சொல்லலாம்" என்றார் தனசேகர்.

"பேசுறவங்ககிட்ட பேசுறேன்னு சொல்லுங்க சார்."

அப்போதுதான் தெரிந்தது, தனசேகர் ஏகாம்பரத்தின் தங்கை கணவர். மூன்று ஆண்டுகளாக இருவருக்கும் இடையே நேர்ப்பேச்சு இல்லை. காரணத்தை ஏகாம்பரமே சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது, அடக்கிக்கொண்டார். தனசேகர் இந்தக் காரை வாங்கியதும் மாமனார் வீட்டுக்குக் காட்டுவதற்காகப் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்திருக்கிறார். இடப்பக்கக் கண்ணாடி பாவுக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. பாவு வண்டியோடு கிளம்பிவிட்டது. தெருவே கத்திக்கொண்டு பின்னால் ஓடியது.

"கார் வாங்குனதுக்குத்தான் எல்லாரும் குஷியா சத்தம் போடுறாங்கன்னு நெனச்சி, கையக் காட்டிக்கினே போறாரு சார். எலெக்சன்ல ஜெயிச்சவரு மாதிரி."

அறுந்த இழைகளை மூன்று வீட்டுப் பெண்கள் விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தார்களாம். "தங்கச்சிக்கு நல்லவரு. பாவுக்கு ஆகாதவரு" என்று முடித்தார் ஏகாம்பரம். தனசேகர் வாசலில் நின்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியை அன்றே மடக்கியவர்தான் என்று ஏகாம்பரத்தின் மனைவி மெதுவாகச் சொல்லி, வாசலுக்கும் ஒரு காபி எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியவில்லை. மாகறல் கோயிலுக்குப் போகலாம் என்றார் தனசேகர். ஓரிக்கையில் பாலாற்றைத் தாண்டினோம். ஆற்றில் மணலும் நாணலும் இருந்தன. தண்ணீர் ஒரு மூலையில் கூச்சத்தோடு ஓடியது. அதன் பிறகு வந்த சாலையில் பாதை என்றே இரண்டு இல்லை. எதிரே கரும்பு லாரி வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கத்தான் வேண்டும். அங்கெல்லாம் தனசேகர் தங்கமான ஓட்டுநர். நான்கு முறை மண்ணில் இறங்கினார், நான்கு முறையும் எதிரே வந்தவருக்குக் கை காட்டினார். மதிப்பெண் மளமளவென்று ஏறியது. அந்த மனிதர் நெடுஞ்சாலையில் மட்டும் ஏன் வேறு ஆளாகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுபடி கேட்டேன். இந்த முறை வேறு பதில் வந்தது. இடப்பக்கத்தில் ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கும், கம்பெனி பஸ் ஆள் ஏற்றும், இளநீர்க் கடைக்கு ஒதுங்குகிறவன் சிக்னல் போடமாட்டான் என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் காரணம் சொல்கிறவர் முகத்தை விடக் காரணம் தேடுகிறவர் முகம்தான் கண்ணாடியில் தெரிந்தது.

"உங்க ஊர்ல எல்லாரும் லெஃப்ட்லயேதான் போவாங்களா சார்?"

எல்லாரும் என்று சொல்ல முடியாது என்றேன். உடனே பேச்சை மாற்றி, அந்தக் கோயிலின் கதையைக் கேட்டேன். அங்கே சுவாமி உடும்பாக வந்து காட்சி கொடுத்தார் என்று சொன்னார். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டபோது, வலப்பக்கத்தைப் பிடித்த எங்கள் இருவரின் உடும்புப் பிடியும் எப்படியாவது தளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்காகத்தான் முதலில் வேண்ட நினைத்தேன். என் பெயரும் கூடவே வந்துவிட்டது.

நான்காம் நாள் பட்டு தயார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை; கரை நெடுக மயில். நான் கையை நீட்டி முழம் போட ஆரம்பித்தேன். ஏகாம்பரம் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"யார் முழம் சார் அது? உங்க முழமா, அம்மன் முழமா?"

என் முழத்துக்கு அரை முழம் கூடுதலாகவே இருந்தது. அம்மன் முழத்துக்குச் சரியாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். மயில்களையும் எண்ணினேன். தொகையை இங்கே எழுதவில்லை. குழுவில் இருப்பவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் நாள் அதிகாலை, கிளம்பும் நேரத்தில் ஒரு சிக்கல். ஏகாம்பரமே மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் பட்டைப் பொதிந்து எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டார். அதைப் பெட்டியில் வைக்கக் கூடாது, டிக்கியில் வைக்கவே கூடாது. பின்னிருக்கையின் நடுவில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வைத்து, முன்னால் ஒரு முழம் மல்லிகைப் பூவும் வைத்தார். பிறகு இருக்கைப் பட்டையை இழுத்து அதற்கு மாட்டிவிட்டார்.

"அம்மா உக்காந்துக்கினு வரட்டும் சார். பக்கத்துல யாரும் உக்காரக் கூடாது. நீங்க முன்னால போயிடுங்க."

தனசேகர் இருக்கைப் பட்டை மாட்டியிருக்கிறதா என்று இருமுறை இழுத்துப் பார்த்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்து, டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்றார். அதை மட்டும் சொல்லத் தேவையில்லை என்றேன்.

இப்படித்தான் நான் முதல்முறையாகத் தனசேகரின் இடப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். சாலை காலியாக இருந்தது. தனசேகர் நேராக வலப்பக்கம் போய் அரளிச் செடியைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் பின்னால் ஒலிப்பான். வழக்கமான ஒலி இல்லை. கெஞ்சுவதுபோல விட்டுவிட்டு வந்தது. இடப்பக்கத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் பின்னால் வந்தவரால் ஒடித்து முந்தவும் முடியவில்லை. அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் புகுந்து என் ஜன்னலோரம் வந்தது. பட்டு வேட்டி கட்டிய ஒருவர். நெற்றியில் சந்தனம், தலையில் அட்சதை.

"பெரியவரே, பின்னால மாப்ள கார் வருது. தாலி அதுலதான் இருக்குது. கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பின்தங்கிப் போய்விட்டார். தனசேகரின் முகம் மாறிவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் பாவை இழுத்துக்கொண்டு போனது தெரிந்த கணத்தில் அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"சார், லெஃப்ட்ல போயிடுறேன். எதுனா வருதா பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு முதுகுதான் இருந்தது. மடக்கியது மடக்கியபடியே. பிள்ளையார்பாளையத்தில் பாவுக்குப் பயந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மடக்கிய கண்ணாடியை இந்த மனிதர் இன்றுவரை திறக்கவேயில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியாது. பால்காரர், ஷேர் ஆட்டோ, இளநீர்க் கடை எல்லாம் பிறகு தேடி வைத்த காரணங்கள்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் என்னைப் பார்க்கச் சொன்ன பக்கம், என் கழுத்து திரும்பாத பக்கம். இடக்கண் தெரியாத வண்டியில், இடப்பக்கம் திரும்பாத தேர்வாளர். பின்னால் அம்மன். அதற்கும் பின்னால் தாலி.

"தனசேகர், எனக்கு அந்தப் பக்கம் கழுத்து திரும்பாது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அப்ப உடம்பையே திருப்புங்க சார்."

இதை நான் யோசிக்கவே இல்லை. வண்டி ஓட்டுகிறவர் உடம்பைத் திருப்ப முடியாது. பக்கத்தில் இருப்பவர் திருப்பலாமே. இருக்கைப் பட்டை இழுத்துப் பிடிக்க, ஒரு முழங்காலை மடித்து, வெளிக்கதவைப் பார்த்து முழுசாகத் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே பின்னால் பார்த்தேன். ஒரு பேருந்து எங்களோடு ஒட்டி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் கொஞ்சம் இடம். அந்த இடத்தை அந்த மோட்டார் சைக்கிள்காரர் பிடித்து, கையை விரித்து மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு வந்தார்.

"இருங்க. இன்னும் ஒரு பஸ். இருங்க. போகட்டும். இப்ப வரலாம்."

தனசேகர் இடப்பக்கம் வந்தார். காருக்கு இடப்பக்கம் நெருப்பு எரிவதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தார். மாப்பிள்ளை கார் எங்களைத் தாண்டியது. மாலையும் தலைப்பாகையுமாக ஒரு பையன் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்து இரு கையையும் கூப்பினான். அதன் பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் ஆறு கார்கள். வேனில் இருந்த பெண்கள் எங்கள் பின்னிருக்கையில் பூவோடு உட்கார்ந்திருந்த பொதியைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் நாங்கள் தடுத்ததால் பின்னால் இருந்திருக்கிறார்கள். அம்மனையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும்.

அடுத்து வந்த தேநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியைத் திறக்கப் பார்த்தோம், வரவில்லை. மூன்றாண்டு மழையும் தூசியும் அதன் கீலைப் பூட்டிவிட்டிருந்தன. கடைக்காரர் வடைச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். வண்டிக்கு வடை எண்ணெய் ஆகாது என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கடையிலிருந்த நான்கு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்ல, தனசேகர் மூச்சைப் பிடித்து இழுத்தார். கறகறவென்று திறந்தது. உள்ளே ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதை ஒரு காகிதத்தில் ஏற்றி வேலியில் விட்டார்.

பிறகு இருக்கையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இந்தப் பக்கம் இவ்ளோ ரோடு இருக்குதா?"

அங்கிருந்து விமான நிலையம்வரை இடப்பக்கத்திலேயே வந்தோம். வழியில் எதிர்த்திசையில் ஒரு பால்காரர் வரத்தான் செய்தார். தனசேகர் அவருக்கு வழிவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டேன். எங்களை வலப்பக்கமாக முந்திச் சென்றவர்களில் ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் நம்மைப் பார்க்காமல் போவது எவ்வளவு சுகம் என்பது இரண்டு மாதங்களாக எனக்கு மறந்துபோயிருந்தது.

ஊர் திரும்பித் தெருவுக்குள் போகும்போது மறக்காமல் மடக்கிவிடுங்கள் என்று பிரியும்போது சொன்னேன். மறந்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது என்றார்.

விமானத்துக்குக் காத்திருந்தபோது கவிதாவைக் கூப்பிட்டேன். பட்டு கிடைத்தது, மயில் நன்றாக இருக்கிறது, இட்லியில் மிளகு அதிகம் என்றெல்லாம் சொன்னேன். பிறகு, கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று, கழுத்தைச் சொன்னேன். அதனால்தான் வலப்பக்கம் என்பதையும் சொன்னேன். வண்டி போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். தாலியை வைத்துக்கொண்டு பின்னால் கெஞ்சுகிறவர் யார் என்று முன்னால் போகிறவருக்குத் தெரியாது. அது அன்று காலை எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் லெஃப்ட் சைடு நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டீங்க. என்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்பா" என்றாள்.

ஈப்போ வந்ததும் முதலில் என்னை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். தினமும் கழுத்துப் பயிற்சி; ஒவ்வொன்றும் பத்து முறை. நான் எண்ணுவதால் ஏமாற்ற முடிவதில்லை. வண்டியின் உள்ளே நீளமான கண்ணாடி ஒன்றும், வெளியே இடப்பக்கத்தில் வட்டக் கண்ணாடி ஒன்றும் மாட்டினாள். கோயிலில் அம்மனுக்குப் பட்டைச் சாத்தினார்கள். அந்தக் கூடுதல் அரை முழம்கூட மிச்சமின்றிச் சரியாக இருந்தது. ஏகாம்பரத்துக்குப் படம் அனுப்பினேன். பதிலாகத் தனசேகரின் கைப்பேசியிலிருந்து ஒரு படம் வந்தது. தெருமுனையில் கார் நிற்கிறது. ஏகாம்பரம் தம் கையாலேயே இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டிருக்கிறார். கூடவே தனசேகரின் குரல்: "தெருவுக்குள்ள வர்றப்ப மச்சானே வந்து மடக்குறாரு சார். போறப்ப அவரே தெறந்து விடுறாரு. என்கிட்டயே பேசுறாரு, திட்டத்தான். பரவால்ல."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கவிதா சாவியை என் கையில் வைத்து, தேர்வாளர் உட்காரும் இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் ஒரு சுற்று. நான் இடப்பக்கப் பாதையில், அன்னாசி ஏற்றிய லாரிக்குப் பின்னால், அதன் வேகத்துக்கே போனேன். அதற்கு முன் பாதை மாறியபோதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்து "வரலாம்பா" என்றாள்.

பாதி வழியில் வலப்பக்கப் பாதையில் ஒரு நீல வண்டி. எங்களுக்குச் சமமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒலிப்பானும் விளக்குமாக நீண்ட வரிசை. ஓட்டுகிறவர் ஒரு சீனப் பெரியவர். இரு கையாலும் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தார். அவருடைய இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. பிறகு கழுத்தைப் பார்த்தேன். கம்பு நட்டதுபோல நின்றது.

வேகத்தைக் குறைத்தேன். லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு வண்டி தாராளமாக வரும் அளவுக்கு இடம் விட்டேன். என் பக்கத்து ஜன்னலை இறக்கி, கையை நீட்டி, வாருங்கள் என்று காட்டினேன். அவர் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். நம்பிக்கை வர நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக என் முன்னால் வந்து சேர்ந்தார். வலப்பக்கத்தில் அடைபட்டிருந்தவர்கள் சீறிக்கொண்டு போனார்கள். எண்ணினேன்: பதினாறு. அதில் யார் பையில் தாலி இருந்ததோ.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கவிதாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளிலும் சந்தைப் பைகள் இருந்தன.

"உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.